மெல்லிய ஏடு, நீல நிறம்: ஏடு மெலிந்தால் உணரி மேம்படுமா?

கேள்வி: மார்ச் 2, மாலை 6.15

அக்கா, முதுகலைத் திட்டப்பணிக்கு மாலிப்டினம் டை சல்ஃபைடு நானோ ஏடுகளை வைத்து, நீல நிறம் காட்டிச் சர்க்கரையை அளக்கும் குளுக்கோஸ் உணரி செய்துகொண்டிருக்கிறேன். படிக்கிற கட்டுரைகளில் எல்லாம் ஒரே பல்லவி: ஏடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்ல உணரி. என் மேசையில் நடப்பது வேறு. நான்கு மணி நேரம் சோனிகேட்டரில் (ஒலி அதிர்வால் ஏடுகளைப் பிரிக்கும் கருவி) வைத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றித் தடித்ததை அடியில் படிய விட்டு, மேலே நின்ற மெல்லிய ஏட்டை மட்டும் எடுத்தேன். அது வெளிர் நீலம்தான் தருகிறது. அரை மணி நேரம் மட்டும் வைத்த தடித்த ஏடு நல்ல அடர் நீலம் தருகிறது. மெல்லிய ஏடு என்பதே மிகைப்படுத்தலா? அதோடு, சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் காகிதப் பட்டை பல காலமாக இருக்கிறதே, அதற்கு மேல் இந்த ஏடு என்ன செய்துவிடப் போகிறது?

மார்ச் 2, இரவு 10.40

இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். அது புரிந்தால் முதல் கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

நீங்கள் சொல்லும் பட்டை 1956-இல் வந்தது. ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃபிரட் ஃப்ரீ தம்பதியர் உருவாக்கிய கிளினிஸ்டிக்ஸ். அதில் இரண்டு நொதிகள் இருந்தன. குளுக்கோஸ் ஆக்சிடேஸ், குளுக்கோஸைப் பிடித்து ஆக்சிஜனோடு சேர்த்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். பெராக்சிடேஸ், அந்தப் பெராக்சைடை வைத்து ஆர்த்தோ டாலிடின் என்ற நிறமில்லாத பொருளை நீலமாக்கும். முதல் நொதி ஆளை அடையாளம் காண்கிறது. இரண்டாவது நொதி அதை ஊருக்குக் கூவிச் சொல்கிறது.

உங்கள் ஏடு செய்வது அந்த இரண்டாவது வேலையை மட்டும்தான். குளுக்கோஸ் யார் என்று மாலிப்டினம் டை சல்ஃபைடுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது பெராக்சைடு மட்டும். இதை முதல் நாளிலேயே ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

நொதிக்குப் பதில் கனிமப் பொருள் எதற்கு என்றால், நொதி ஒரு புரதம். சூட்டில் கெடும், சேமிப்பில் கெடும், பிரித்தெடுக்கச் செலவு அதிகம். 2007-இல் சீனாவின் யான் ஷியுன் குழு, இரும்பு ஆக்சைடு நானோ துகள்கள் தாமாகவே பெராக்சிடேஸ் போல வேலை செய்கின்றன என்று காட்டியது. 2010-இல் ச்சூ ஷியாவ்காங் குழு கிராபீன் ஆக்சைடு ஏட்டிலும் அதே செயலைக் காட்டிக் குளுக்கோஸும் அளந்தது. 2014-இல் உங்கள் மாலிப்டினம் டை சல்ஃபைடும் அந்த வரிசையில் சேர்ந்தது. இத்தகைய பொருள்களுக்கு நானோசைம் என்று பெயர். அந்தப் பெயர் 2004-லேயே, தங்கத் துகள் ஒன்றைப் பற்றிய ஆய்வில், இத்தாலியில் வைக்கப்பட்டது.

மெல்லிய ஏடு ஏன் என்பதற்கு எளிய பதில்: வினை நடப்பது பரப்பில். தடிமன் குறையக் குறைய ஒரு கிராமுக்குக் கிடைக்கும் பரப்பு கூடும். ஒற்றை அடுக்குக் கிராபீனுக்குக் கணக்குப்படி ஒரு கிராமுக்கு 2630 சதுர மீட்டர். மாலிப்டினம் டை சல்ஃபைடின் ஓர் அடுக்கு சுமார் 0.65 நானோமீட்டர். உங்கள் தடித்த ஏடு 6.5 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பத்து அடுக்கு. மேலே ஒன்று, கீழே ஒன்று கரைசலைத் தொடும். நடுவில் எட்டு அடுக்குகள் சும்மா இருக்கும். எனவே கட்டுரைகள் சொல்வது பொய் இல்லை. உங்கள் குழாய் சொல்வதும் பொய்யாக இருக்காது. எங்கே முட்டுகிறது என்று பார்க்க வேண்டும்.

மார்ச் 3, காலை 7.05

நிறம் தரும் பொருளைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இப்போது எல்லோரும் பயன்படுத்துவது டி.எம்.பி., அதாவது டெட்ரா மெத்தில் பென்சிடின். பென்சிடின் புற்றுநோய் உண்டாக்கும் என்பதால் அதற்கு மாற்றாக 1970-களில் வந்தது.

இது நிறம் மாறுவது இரண்டு படியில். ஓர் எலக்ட்ரானை இழந்தால் நீலம்; 652 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும். இன்னொன்றையும் இழந்தால் மஞ்சள். இந்த இரண்டாவது படியை மறக்காதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

கண்ணுக்கு இது எவ்வளவு தெரியும் என்று ஒரு கணக்கு. நீல வடிவத்தின் மோலார் உறிஞ்சுகெழு, அதாவது ஒளியை எவ்வளவு வலுவாக உறிஞ்சுகிறது என்பதன் அளவு, 39,000. ஒரு சென்டிமீட்டர் க்யூவெட்டில் (ஒளி கடந்துபோகும் சிறு கலம்) 10 மைக்ரோமோலார் இருந்தாலே உறிஞ்சல் 0.39 வந்துவிடும். வெள்ளைத் தாளின் முன் பிடித்தால் யாரும் நீலம் என்று சொல்வார்கள். கருவி இல்லாத இடத்திலும் கண்ணே கருவியாகலாம் என்ற நம்பிக்கை இந்த எண்ணிலிருந்து வருகிறது.

மார்ச் 3, காலை 7.20

ஒரு சிறு திருத்தம். நீலத்தை 652-இல் படியுங்கள் என்றேன். கந்தக அமிலம் ஊற்றி வினையை நிறுத்தினால் நிறம் மஞ்சளாகும், அப்போது 450-இல் படிக்க வேண்டும். அமிலம் ஊற்றிய பிறகும் 652-இல் தேடி, உணரி வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 5, இரவு 9.50

இப்போது உங்கள் அடர் நீலம். நேற்று முழுவதும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று இடங்களில் சந்தேகம் வருகிறது.

ஒன்று, எடை. இரண்டு குழாயிலும் ஏட்டுக் கரைசலை 50 மைக்ரோலிட்டர் ஊற்றினேன் என்று எழுதியிருந்தீர்கள். 50 மைக்ரோலிட்டரில் எத்தனை மைக்ரோகிராம் ஏடு? சுற்றிய பிறகு மேலே நிற்கும் கரைசலில் மெல்லிய ஏடுகள் இருக்கும், ஆனால் மிகக் கொஞ்சமாக இருக்கும். போட்ட தூளில் பெரும்பகுதி அடியில் வண்டலாகக் கிடக்கும். தடித்த ஏட்டுக் கரைசலை நீங்கள் சுற்றவே இல்லை. பத்து மடங்கு எடையை ஊற்றிவிட்டு, தடித்தது நன்றாக வேலை செய்கிறது என்று சொல்ல வழி உண்டு. தெரிந்த கன அளவைக் காய வைத்து எடை பாருங்கள், அல்லது கரைத்து மாலிப்டினத்தை அளந்துவிடுங்கள்.

இரண்டு, கலங்கல். தடித்த ஏடுகள் ஒளியைச் சிதறடிக்கும். கருவிக்கு உறிஞ்சலும் சிதறலும் ஒன்றுதான். இரண்டையும் கூட்டி ஓர் எண்ணாகக் காட்டிவிடும். ஏடும் பஃபரும் (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்) மட்டும் உள்ள குழாய் ஒன்றை வைத்து அதன் மதிப்பைக் கழித்தீர்களா?

மூன்றாவதுதான் எனக்கு நிஜமாக நடந்தது. நான் ஆராய்ச்சி தொடங்கிய வருடம், கிராபீன் ஆக்சைடு ஏட்டோடு வேலை. வினை முடிந்ததும் ஏடுகளை நீக்கிவிட்டுத் தெளிந்த நீரைப் படிக்கலாம் என்று சுற்றினேன். குழாயை வெளியே எடுத்தால் மேலே தண்ணீர் பளிச்சென்று இருந்தது. நீலமே இல்லை. இரண்டு வாரம் வினையின் மீது சந்தேகப்பட்டேன். பெராக்சைடு மாற்றினேன், பஃபர் மாற்றினேன். ஒருநாள் குழாயைக் கழுவப் போகும்போது தலைகீழாகப் பிடித்தேன். அடியில் ஒட்டிக்கொண்டிருந்த வண்டல், பழுப்பாக இருக்க வேண்டியது, மை போல நீலக் கறுப்பாக இருந்தது. என் நிறம் முழுவதும் அங்கே இருந்தது.

நடந்தது என்னவென்றால், நீலமான டி.எம்.பி. நேர்மின் ஏற்றம் கொண்டது. ஏடு எதிர்மின் ஏற்றம் கொண்டது. ஏடு மெல்லியதாகவும் பரப்பு பெரியதாகவும் இருக்க இருக்க, தான் உண்டாக்கிய நிறத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்ளும். அதாவது, மெல்லிய ஏட்டின் பெருமை எதுவோ அதுவே இந்த இடத்தில் அதற்குக் கேடாகிறது. உங்கள் வெளிர் நீலம் இதனால் என்று பந்தயம் கட்டவில்லை. ஆனால் முதலில் வண்டலைப் பாருங்கள்.

மார்ச் 6, மதியம் 1.30

2-ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். பரப்பு கூடினால் வினை கூடும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கிராபீன் ஆக்சைடுக்கும் மாங்கனீசு டை ஆக்சைடுக்கும் அது ஓரளவு ஒத்துவரும். மாலிப்டினம் டை சல்ஃபைடுக்கு அப்படியே பொருந்தாது.

அதன் ஓர் அடுக்கைப் பக்கவாட்டில் பார்த்தால் மூன்று தளம்: கந்தகம், மாலிப்டினம், கந்தகம். உலோகம் நடுவில் மூடிக் கிடக்கிறது. தட்டையான முகம் பெரும்பாலும் மந்தமானது. வேலை நடப்பது விளிம்பில், கந்தகம் விட்டுப்போன குறைகளில். ஹைட்ரஜன் வாயு உண்டாக்கும் வினையில் செயல்படுவது விளிம்பே என்பதை 2007-லேயே காட்டிவிட்டார்கள். ஆகவே அகலமான, குறையில்லாத, ஒற்றை அடுக்கு ஏடு படத்துக்கு அழகாக இருக்கும். உணரிக்குச் சிறிய, ஓரம் கிழிந்த ஏடுகள் கூடுதலாக உதவலாம். நான்கு மணி நேர சோனிகேட்டர் உங்கள் ஏட்டை மெலிய வைத்தது மட்டுமில்லை, உடைக்கவும் செய்திருக்கும். அந்த உடைசல் உங்களுக்கு நல்லதுதான்.

2630 சதுர மீட்டர் என்ற எண்ணும் கணக்கில் வருவதுதான், கையில் வருவது குறைவு. ஏடுகள் ஒன்றோடொன்று திரும்ப ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை அடுப்பில் வைத்து முழுவதும் காய வைத்துவிட்டால் பிறகு எத்தனை நேரம் அலசினாலும் பழையபடி பிரியாது. எடை பார்க்கக் காய வைப்பதைத் தனியாக ஒரு சிறு பங்கில் செய்யுங்கள். மீதியை நீரிலேயே வைத்திருங்கள்.

மார்ச் 6, மதியம் 1.45

தடிமனை எதில் அளந்தீர்கள் என்று கேட்க மறந்துவிட்டேன். ஒளிச் சிதறலில் அளவு பார்க்கும் கருவி, துகளை உருண்டை என்று நினைத்துக்கொண்டு ஓர் எண் சொல்லும். ஏட்டின் தடிமன் அதில் கிடைக்காது. அணுவிசை நுண்ணோக்கியில் போய்ப் பாருங்கள். பச்சை லேசர் விட்டால் கரைசலில் ஒளிக்கோடு தெரிவது கூழ்மம் என்பதற்குச் சாட்சி, மெல்லியது என்பதற்குச் சாட்சி ஆகாது.

மார்ச் 9, இரவு 11.10

வேறொருவர் தனியாக எழுதிக் கேட்டது இது: நிறம் வருவதற்குப் பதில் மறைவதை வைத்தும் அளக்கலாமா? அளக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏடு அந்த வகைதான்.

மாங்கனீசு டை ஆக்சைடு ஏடு. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் ஊதாக் கரைசலில் எம்.இ.எஸ். என்ற பஃபரைச் சேர்த்து சோனிகேட்டரில் வைத்தால், ஊதா போய்ப் பழுப்பு வரும். கொஞ்ச நேரத்தில் தேநீர் நிறத்தில் ஒரு கூழ்மம். இந்த ஏட்டுக்குப் பெராக்சைடே வேண்டாம், டி.எம்.பி.-யைத் தானே நீலமாக்கிவிடும். இப்போது இதில் குளூட்டாதயோனைச் சேர்த்தால் ஏடே கரைந்து நிறமில்லாத மாங்கனீசு அயனியாகிவிடும். ஒரு மாங்கனீசுக்கு இரண்டு குளூட்டாதயோன். குளூட்டாதயோன் கூடக் கூட நீலம் குறையும்.

குளூட்டாதயோன் உயிரணுவுக்குள் 1 முதல் 10 மில்லிமோலார் வரை இருக்கும். ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து உயிரணுவைக் காப்பது அது. 2011-இல் இதே ஏட்டை ஒளிரும் துகளின் மேல் போர்த்தி, உயிரணுவுக்குள்ளேயே குளூட்டாதயோனைப் பார்த்தார்கள்: ஏடு இருக்கும்வரை ஒளி மறைந்திருக்கும், ஏடு கரைந்தால் ஒளி வெளியே வரும். அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கரைந்து போவதையே செய்தியாக மாற்றியிருக்கிறார்கள் என்ற மகிழ்ச்சி.

ஆனால் கவனம். ஏட்டைக் கரைப்பது குளூட்டாதயோன் மட்டுமில்லை. அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, கரைக்கும். சிஸ்டீன் என்ற அமினோ அமிலமும் கரைக்கும். நிறம் மறைந்ததென்றால், ஒடுக்கக்கூடிய ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதான் பொருள். எது என்று ஏடு சொல்லாது. அஸ்கார்பேட் ஆக்சிடேஸ் நொதியை முன்கூட்டியே சேர்த்து வைட்டமின் சி-யைத் தீர்த்துவிடலாம். சிஸ்டீனுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

இன்னொன்று: ஏட்டை நன்றாகக் கழுவாவிட்டால் மிஞ்சிய பெர்மாங்கனேட்டே டி.எம்.பி.-யை நீலமாக்கும். கடைசியாகக் கழுவிய நீரில் ஒரு சொட்டு டி.எம்.பி. விட்டுப் பாருங்கள். நீலம் வந்தால் இன்னும் கழுவ வேண்டும்.

மார்ச் 10, காலை 6.40

பி.எச். பற்றிக் கேட்டிருந்தீர்கள். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நடுநிலைக்குப் பக்கத்தில் நன்றாக வேலை செய்யும். பெராக்சிடேஸ் போல நடக்கும் ஏடுகள் 3.5 அல்லது 4 அருகில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். 7-இல் கிட்டத்தட்டத் தூங்கிவிடும். அதனால்தான் எல்லோரும் இரண்டு கட்டமாகச் செய்கிறார்கள்: முதலில் குளுக்கோஸையும் நொதியையும் பி.எச். 7-இல் 37 பாகையில் அரை மணி நேரம், அப்புறம் பி.எச். 4 அசிட்டேட் பஃபரில் ஏடும் டி.எம்.பி.-யும். கட்டுரையில் ஒரு வரியில் போய்விடும் விஷயம். ஆனால் ஒரு சொட்டுப் பட்டையாக மாற்ற வேண்டும் என்று உட்காரும்போது எல்லாமே இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறது. நானே இதில் எட்டு மாதம் நின்றேன். நொதியையும் ஏட்டையும் காகிதத்தில் வேறு வேறு மண்டலத்தில் வைத்து, நடுவில் பஃபர் காய்ந்த பட்டை ஒன்றை வைத்தேன். ஈரம் பரவும் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை. ஒரு பட்டையில் வந்த நீலம் அடுத்த பட்டையில் வரவில்லை. நல்ல தீர்வு இன்னும் என் கையில் இல்லை.

மார்ச் 12, இரவு 10.00

ஏட்டிலிருந்து கொஞ்சம் விலகிப் போகிறேன், திரும்பி வந்துவிடுவேன்.

நிறம் மாறும் உணரிகளின் மூத்த பிள்ளை தங்கக் கூழ்மம். 1857-இல் ஃபாரடே, தங்கத்தின் நுண்துகள்தான் அந்தச் சிவப்புக்குக் காரணம் என்று சொன்னார். 13 நானோமீட்டர் துகள் 520 அருகில் ஒளியை உறிஞ்சிச் சிவப்பாகத் தெரியும். துகள்கள் நெருங்கிக் கூட்டமாகிவிட்டால் ஊதா, அப்புறம் நீலம். 2004-இல் லீ, ராத்பெர்க் இருவரும் மிக எளிய ஒன்றைச் செய்தார்கள். ஒற்றை இழை டி.என்.ஏ. தங்கத்தின் மேல் ஒட்டிக்கொண்டு, உப்பு போட்டாலும் துகள்கள் கூடிவிடாமல் காக்கும். இரட்டை இழை அப்படி ஒட்டாது. தேடுகிற டி.என்.ஏ. மாதிரியில் இருந்தால் ஒற்றை இழை அதோடு ஜோடி சேர்ந்துவிடும், காப்பு போய்விடும், உப்பு போட்டதும் சிவப்பு நீலமாகும்.

இப்போது திரும்பி வருகிறேன். இதே குணம் மெல்லிய ஏட்டுக்கும் உண்டு. ஒற்றை இழையின் காரங்கள், அதாவது டி.என்.ஏ.-வின் எழுத்துகள், திறந்து கிடப்பதால் அவை கிராபீனின் தட்டையான முகத்தில் படிந்துகொள்ளும். இரட்டை இழையில் காரங்கள் உள்ளே மூடிக்கொள்வதால் பிடிப்பு குறைவு. 2011-இல் டோங் ஷாவோஜுன் குழு, கிராபீன் ஏட்டில் ஹீமினை ஒட்டினார்கள். ஹீமின் என்பது பெராக்சிடேஸ் நொதியின் நடுவில் இருக்கும் அதே இரும்புக் கூடு. உப்பு போட்டபோது ஏடுகள் எந்த அளவு வண்டலாகின்றன என்பது எந்த இழை ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. மீதி நிற்கும் ஏட்டில் டி.எம்.பி. விட்டால் நீலத்தின் அடர்த்தி விடை சொல்லும். டி.என்.ஏ.-வில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக்கூட இப்படிப் பிரித்துக் காட்டினார்கள்.

இங்கே ஏட்டுக்கு இரண்டு வேலை: ஆளைப் பிடிப்பதும் கூவுவதும். மெல்லிய, அகலமான, தட்டையான முகம் இங்கேதான் முழுப் பயன் தருகிறது. 6-ஆம் தேதி அகல ஏட்டைக் குறைத்துப் பேசினேனே, அதை மாலிப்டினம் டை சல்ஃபைடின் பெராக்சிடேஸ் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வேலைக்கு என்று சொல்லாமல் ஏட்டுக்கு மதிப்பெண் போடக் கூடாது. நானே போட்டுவிட்டேன்.

மார்ச் 15, மாலை 5.20

கைபேசியில் படம் எடுத்து அளப்பது பற்றி. நீலக் கரைசல் என்பதால் பலர் படத்தில் நீல மதிப்பைத் தேடுகிறார்கள். கரைசல் உறிஞ்சுவது 652, அதாவது சிவப்பு. நிறம் கூடும்போது விழுவது சிவப்பு மதிப்புதான். சிவப்பைப் படியுங்கள்.

கேமரா தானாகவே வெள்ளையைச் சரிசெய்துகொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே குழாயைக் காலையில் சன்னலோரம் எடுத்த படமும் இரவில் விளக்கொளியில் எடுத்த படமும் வேறு வேறு எண் தரும். குழாயோடு ஒரே படத்தில் வெள்ளைத் துண்டும் தெரிந்த செறிவுள்ள இரண்டு குழாயும் இருக்கட்டும்.

மார்ச் 16, காலை 8.00

பச்சையாக வருகிறதே என்று கேட்டவருக்கு: அது புது நிறம் இல்லை. நீலமும் மஞ்சளும் சேர்ந்து நிற்கிறது. 3-ஆம் தேதி சொன்ன இரண்டாவது படிக்கு உங்கள் வினை போகத் தொடங்கிவிட்டது. இதில் ஓர் ஆபத்து உண்டு. மிக அதிகச் செறிவுள்ள மாதிரியில் நீலம் மஞ்சளாகிப் போவதால் 652-இல் படிப்பு குறைந்துவிடும். அதிகச் சர்க்கரை குறைந்த சர்க்கரையாகத் தெரியும். நோயாளியின் மாதிரியில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கண்ணால் பாருங்கள், பச்சை தெரிந்தால் நீர்த்துவிட்டு மறுபடி செய்யுங்கள்.

மார்ச் 20, இரவு 11.45

பஃபரில் நன்றாக வருகிறது, இரத்தச் சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) நிறமே வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்காகத்தான் காத்திருந்தேன், ஏனென்றால் எல்லோரும் இங்கே வந்துதான் நிற்கிறோம்.

சீரத்தில் புரதம் நிறைய. ஏட்டை உள்ளே விட்ட சில நிமிடங்களில் புரதங்கள் அதன் மேல் படிந்து போர்வை போட்டுவிடும். பரப்பு எவ்வளவு பெரியதோ போர்வையும் அவ்வளவு பெரியது. அதற்கு மேல் அஸ்கார்பிக் அமிலமும் யூரிக் அமிலமும் நீலமான டி.எம்.பி.-யைத் திரும்ப நிறமிழக்கச் செய்யும். வழி என்னவென்றால் நீர்ப்பதுதான். இரத்தக் குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராம் என்று அறிக்கையில் பார்க்கிறோமே, அது 10 மில்லிமோலார். ஏடு மைக்ரோமோலார் அளவில் பார்க்கக்கூடியது என்பதால் நூறு மடங்கு நீர்த்தாலும் குளுக்கோஸ் தெரியும். தொந்தரவு செய்வதெல்லாம் நூறு மடங்கு குறைந்துவிடும். உணர்திறனின் உண்மையான பயன் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படி இருந்தும் மாதிரியில் தெரிந்த அளவு குளுக்கோஸைக் கூடுதலாகச் சேர்த்து, சேர்த்தது முழுவதும் திரும்பத் தெரிகிறதா என்று பாருங்கள். செறிவுக்கு எதிராக நிறத்தை வைத்துப் பஃபரில் போட்ட நேர்கோட்டைச் சீரத்துக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

இந்த வேலையில் நான் ஏன் இத்தனை பிடிவாதமாக இருக்கிறேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். என் அம்மாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. தினமும் குத்திக் குத்தி விரல் நுனிகள் காய்த்துப்போயிருக்கும். பூ கட்டும்போது நூல் நழுவுவது அவருக்குத் தெரியாது. வியர்வையிலும் கண்ணீரிலும் குளுக்கோஸ் இருக்கிறது, ஆனால் இரத்தத்தில் இருப்பதைவிட மிக மிகக் குறைவு. அந்தக் குறைந்த அளவைப் பார்க்கக்கூடிய ஒன்று வேண்டும். குறைந்த அளவில் தவறாக நீலம் காட்டினால் அது ஒன்றும் இல்லாததைவிடக் கேடு. அந்த எண்ணை நம்பி அவர் இன்சுலின் போட்டுக்கொள்வார். இதனால்தான் உங்களிடம் மாதிரியோ ஏடோ சேர்க்காத ஒப்பீட்டுக் குழாய்களைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

மார்ச் 23, மதியம் 2.15

“நொதியை மிஞ்சிய செயல்திறன்” என்ற வரியை அறிக்கையில் எழுதலாமா என்று கேட்டீர்கள். எதில் மிஞ்சியது என்று சேர்த்து எழுதுங்கள். 2007 ஆய்வின் எண்களைப் பாருங்கள். டி.எம்.பி.-க்கு மைக்கேலிஸ் மாறிலி: இரும்பு ஆக்சைடு 0.098 மில்லிமோலார், குதிரைமுள்ளங்கி பெராக்சிடேஸ் நொதி 0.434. குறைந்தால் பிடிப்பு அதிகம், துகள் வென்றது. பெராக்சைடுக்கு: துகள் 154, நொதி 3.70. இங்கே நொதி நாற்பது மடங்கு முன்னால் நிற்கிறது. குளுக்கோஸ் உணரியில் நாம் பிடிக்க வேண்டியது பெராக்சைடு. முதல் எண்ணை மட்டும் எடுத்துப் போட்டால் வாசகரை ஏமாற்றியதாகிவிடும்.

பெராக்சைடுப் புட்டியின் மேல் எழுதியிருக்கும் செறிவையும் நம்ப வேண்டாம். திறந்து மூடி அது சிதைந்துகொண்டே இருக்கும். 240 நானோமீட்டரில் அதன் உறிஞ்சுகெழு 43.6, 10 மில்லிமோலார் என்று நீங்கள் நினைக்கும் கரைசல் 0.436 காட்ட வேண்டும். வாரம் ஒருமுறை பாருங்கள்.

மார்ச் 28, இரவு 9.30

உங்கள் நீண்ட கடிதம் கிடைத்தது. மிகவும் சந்தோஷம், தம்பி. எடையைச் சமமாக்கியதும் தடித்த ஏட்டின் அடர் நீலம் காணாமல் போயிற்று என்று படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். மெல்லிய ஏட்டுக் குழாயின் வண்டல் நீலமாக இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆக இரண்டும் சேர்ந்து நடந்திருக்கிறது: ஒரு பக்கம் எடை கூடியது, இன்னொரு பக்கம் நிறம் ஒட்டிக்கொண்டது. 5-ஆம் தேதி இரண்டையும் மாற்று விளக்கங்களாக வரிசைப்படுத்தினேன். ஒன்றாக நடக்கலாம் என்று யோசிக்கவில்லை.

அந்த நீல வண்டலுக்கு என் அனுபவம்: சுற்றுவதற்கு முன்பே அமிலம் ஊற்றி மஞ்சளாக்கினால் பெரும்பகுதி நிறம் கரைசலுக்குத் திரும்பியது. அப்புறம் சுற்றி, 450-இல் படித்தேன். உங்கள் ஏட்டில் எவ்வளவு திரும்புகிறது என்பதைச் செறிவு தெரிந்த குழாய்களில் பார்த்துவிட்டு முறையை முடிவு செய்யுங்கள்.

மார்ச் 29, காலை 6.10

ஏடே இல்லாத குழாயில், அதாவது டி.எம்.பி.-யும் பெராக்சைடும் பஃபரும் மட்டும் உள்ளதில், நேற்று நிறம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கொட்டிவிடாதீர்கள். இன்று மாலை வரை வெளிச்சம் படாமல் வைத்திருந்து மறுபடி பாருங்கள். என்னுடையது ஆறு மணி நேரத்தில் மங்கலாக நீலமாகிவிட்டது. அதனால்தான் என் எல்லாப் படிப்புகளையும் பத்து நிமிடத்தில் முடிக்கிறேன். உங்களுடையது எத்தனை மணிக்கு மாறுகிறது என்று எழுதுங்கள்.